ஆறாத புண்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே, தாய்மாரே, சகோதரரே,

 

சமைப்பதற்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, மாதம் முடிந்ததும் சபைக்குக் கொண்டுவருகிற தாய்மார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் முதல் காரியமாக எங்கள் பங்கைப் பிரித்துவைக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிடியரிசியும் அந்தப் பங்கும் எங்கே போகின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வரவுசெலவுக் கணக்கு ஆண்டறிக்கையில் இருக்கிறது. கணக்கில் எழுத முடியாத ஒன்றைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

சபைகளுக்குப் போகும்போது எங்களிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "ஐயா, தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்காக இந்த ஊழியம்?" கேட்கிறவர்கள் மனம் கடினப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்கிறார்கள். ஆகவே எங்களிடம் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம். அவருடைய பேரும் ஊரும் வேண்டாம். வட ஆற்காட்டுப் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்து பிழைத்தவர் என்று மட்டும் அறிந்துகொள்ளுங்கள். மருந்து முழுவதும் சாப்பிட்டு முடித்து நான்கு ஆண்டுகள் ஆனவர்.

அவர் வந்த நாளில் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வாசல்வரை நடந்தே வந்தார். பாதத்தைப் பார்க்கவேண்டும், செருப்பைக் கழற்றுங்கள் என்று செவிலியர் சொன்னார். அவர் குனிந்து இழுத்தார், செருப்பு வரவில்லை. மறுபடியும் இழுத்தார். செருப்பின் அடியில் ஏறிய ஓர் ஆணி அதைத் துளைத்து அவர் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. செருப்பும் காலும் ஒன்றாய்த் தைக்கப்பட்டிருந்தன. அவருக்கு அது தெரியாது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "என்னம்மா, சிக்கிக்கிச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

பிரியமானவர்களே, இதுதான் தொழுநோய் விட்டுச்செல்லும் கேடு. விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று நம்மில் பலர் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படியல்ல. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த அந்தக் கிருமி, தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டால் உணர்ச்சி போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்த கைக்குச் சூடு தெரிவதில்லை. முள் ஏறிய காலுக்குக் குத்து தெரிவதில்லை. நமக்குச் செருப்பில் ஒரு சிறு கல் புகுந்தால் பத்தடி நடக்குமுன் நின்று உதறுகிறோம். அவர்களோ நாள் முழுவதும் அதன்மேல் நடக்கிறார்கள். புண்ணாகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பைத் தொடுகிறது. இப்படித்தான் விரலும் பாதமும் போகின்றன.

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் முதன்மையானவர் நம் மலைநாட்டில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். தகப்பனார் ஜெசி பிராண்ட் 1929-இல் அதே மலையில் கடுங்காய்ச்சலால் மரித்தார். மகன் இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோய் நிலையத்தை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டுபோய் நோயாளிகளைக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையை பிராண்ட் பிடித்தார். அந்த நோயாளி திரும்ப அழுத்தியபோது பிராண்டின் கை வலித்தது. கெட்டுப்போனது என்று எல்லாரும் கைவிட்ட அந்தக் கையில் இவ்வளவு பலமா என்று அவர் வியந்தார். கெட்டுப்போகாத தசை இன்னும் உள்ளே இருந்தது. அந்தத் தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் மடங்கிய விரல்கள் நிமிரும் என்ற அறுவைச் சிகிச்சை அந்தக் கைகுலுக்கலிலிருந்து பிறந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் தள்ளி நின்று பார்த்திருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்காது. தொட்டதனால் தெரிந்தது.

கை நிமிர்ந்தவர்கள் தொழில் கற்க வேலூரில் ஒரு சிறு குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். அங்கே சிலருக்குக் காலையில் எழும்போது விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. காரணம் விளங்கவில்லை. இரவில் விழித்திருந்து காவல் காத்தபோது, எலிகள் வந்து உணர்ச்சியில்லாத விரல்களைக் கடிப்பதைக் கண்டார்கள். தூங்குகிறவருக்கு வலித்தால் அல்லவா விழிப்பார்? அதன்பின் வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் வலி என்பது தேவன் நம் உடலில் வைத்த காவல்காரன் என்பதை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. டாக்டர் பிராண்ட் 2003-இல் மரிக்கும்வரை இதையே போதித்தார்.

அவரிடம் பயின்றவர்களில் டாக்டர் மேரி வர்கீஸையும் நினைவுகூர வேண்டும். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போயின. இனி மருத்துவ ஊழியம் இல்லை என்று பிறர் எண்ணினார்கள். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தன் கால்களில் உணர்ச்சியில்லாத ஒருவர், உணர்ச்சியிழந்த கைகளைச் சீராக்கினார்.

1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1869-இல் அம்பாலாவில் தொழுநோயாளிகளைக் கண்டு மனம் இரங்கிய வெல்லெஸ்லி பெய்லி, 1874-இல் ஒரு மிஷனை ஆரம்பித்தார். மருந்தே இல்லாத அந்நாட்களில் அந்த முன்னோடிகள் கொடுக்க முடிந்ததெல்லாம் ஒரு கூரை, ஒரு வேளைச் சோறு, புண்ணைக் கழுவித் துடைக்க ஒரு கை. 1940-களில் சல்போன் மருந்து வந்தது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மையும் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மாத்திரை இலவசம். இதற்காகத் தேவனைத் துதியுங்கள். விஞ்ஞானிகளுக்கும் அரசாங்கத்துக்கும் நன்றி சொல்லுங்கள்.

அப்படியானால் ஒழிந்துவிட்டதா? 2005 டிசம்பரில் நம் நாடு, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் நீங்கிவிட்டது என்பதே அதன் பொருள். மக்கள் காதில் விழுந்ததோ 'ஒழிந்தது' என்ற சொல் மட்டும். அதற்குப் பின்பு எங்களுக்கு வந்த காணிக்கைகளும் குறைந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2023-இல் உலகில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் 1,80,000-க்கும் மேல். அவர்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர். மாத்திரை முடித்துக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை. கிருமி செத்தாலும், கெட்டு வெகுநாளான நரம்பு திரும்புவதில்லை. ஆணி தைத்த பாதத்தோடு நடந்து வந்த நம் பெரியவர் அரசாங்கக் கணக்கில் நோயாளியே அல்ல.

இப்போது அவரிடம் திரும்புவோம்.

ஆணியை எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்து, சீழ் வற்றியதும் மாவுக்கட்டு போட்டார்கள். பாதத்துக்கு ஓய்வு கிடைத்தால் இப்படிப்பட்ட புண் சில வாரங்களில் மூடிவிடும். கட்டைப் பிரித்தபோது ஏறக்குறைய மூடியிருந்தது. இன்னும் பத்து நாள் படுக்கையிலேயே இருங்கள் என்றார்கள். பத்து நாளில் புண் மறுபடியும் திறந்திருந்தது. மறுபடியும் கட்டு, மறுபடியும் ஓய்வு, மறுபடியும் அதே கதை. சர்க்கரை வியாதியோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

ஒருநாள் விடியற்காலையில் இரவுச் செவிலியர் எங்களை வந்து கூப்பிட்டார். வராந்தா முழுவதும் சொட்டுச் சொட்டாய் இரத்தம். அந்தக் கோடியில் நம் பெரியவர் கட்டை அவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அவரைக் கைத்தாங்கலாய்க் கொண்டுவந்து உட்கார வைத்தோம். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"புண்ணு ஆறிட்டா ஊட்டுக்கு அனுப்பிடுவீங்கய்யா. பேத்திக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. நான் ஊட்ல இருந்தா மாப்பிள்ளை ஊட்டாரு பாத்துடுவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் இது ஆறக்கூடாதுய்யா."

மகன் வரவேண்டாம் என்று சொன்னானா என்று கேட்டோம். "அவன் ஒண்ணும் சொல்லலிங்க. அவன் சொல்றதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன்" என்றார்.

பிரியமானவர்களே, ஆணி இறங்கியபோது அவருக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. வலிக்காத காலைக் கொண்டு, வலிக்கிற இடத்தை அவர் மறைத்துக்கொண்டிருந்தார். இதற்கு நாங்கள் எந்த மாவுக்கட்டைப் போடுவது?

அவர் மகன்மேல் எங்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரைதான் நிலைத்தது. இனி சொல்லப்போவது எங்களைப் பற்றியது.

எங்கள் சிற்றாலயத்தில் திருவிருந்து ஆராதனையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் மருத்துவர்களும் ஊழியர்களும் விருந்தினரும் பந்திக்கு வருவார்கள். தொழுநோய்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள் கடைசியில் வருவார்கள். யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. எங்களுக்கு முன்னிருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்தோம். கேட்டால் ஒழுங்கு என்று சொல்லியிருப்போம். நடக்க முடியாதவர்கள் அவசரமில்லாமல் வரட்டும் என்றும் சொல்லியிருப்போம். உண்மை என்னவென்றால், அவர்கள் வாய்வைத்த பாத்திரத்தில் மற்றவர்கள் குடிக்க வேண்டாமே என்பதுதான். இறையியல் கல்லூரியில் ஆண்டுக்கணக்காய்ப் படித்துவிட்டு, அதே மருத்துவமனையில் மருத்துவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, இதைச் செய்துவந்தோம்.

அந்த ஞாயிறு நம் பெரியவர் கட்டுப்போட்ட காலோடு கடைசியாக வந்து முழங்கால்படியிட்டார். பாத்திரத்தை நீட்டினோம். வாங்கிக் குடித்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "ஐயா, மருந்து முடிஞ்சு நாலு வருசம் ஆச்சு. குணமாயிட்டுதுன்னு டாக்டரு என் சீட்டுல எழுதிட்டாரு. ஆண்டவரு சீட்டுல இன்னும் எழுதலீங்களா?"

குறையாக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

தம்மிடம் வந்து மன்றாடிய அந்த மனிதனை நம் ஆண்டவர் எப்போது தொட்டார் என்பதை சுவிசேஷத்தில் மறுபடியும் வாசித்துப் பாருங்கள். சுத்தமான பிறகு அல்ல; அதற்கு முன்பே தொட்டார். பழைய மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகம்' என்று வாசிக்கிறோம். லேவியராகமம் சொல்லுகிற நோய் துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூடக் காணப்படுவது. அது இன்றைய தொழுநோய்தான் என்று கொள்வதற்கில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை இந்த நோயாளிகள்மேல் சுமத்தி, பாளயத்துக்குப் புறம்பே அவர்களை நிறுத்தியதில் சபைக்கும் பங்கு உண்டு. தேசத்தின் சட்டமும் அப்படியே இருந்தது. தொழுநோயாளிகளை அடைத்துவைக்க அனுமதித்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. துணைவருக்குத் தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்றிருந்த பிரிவு 2019-இல்தான் நீங்கியது. கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தப் பிரிவு இருந்தது என்பதை மறவாதிருப்போம்.

அடுத்த திருவிருந்தில் அந்த வழக்கத்தை விட்டோம். அறிக்கை ஒன்றும் செய்யவில்லை. வரிசை இல்லை, யார் முன்னே வருகிறார்களோ அவர்களுக்கு என்று மட்டும் சொன்னோம். யாரும் எழுந்துபோகவில்லை. ஒரு மூத்த மருத்துவர் நம் பெரியவருக்குப் பின்னால் வந்து முழங்கால்படியிட்டு அதே பாத்திரத்தில் பானம்பண்ணினார். இவ்வளவு எளிதான காரியத்தை இத்தனை ஆண்டுகள் செய்யாமல் இருந்தோமே என்று வெட்கப்பட்டோம். அதன் பிறகே அவர் மகனைப் போய்ப் பார்க்க எங்களுக்குத் துணிவு வந்தது.

செருப்புத் தைக்கும் எங்கள் ஊழியரையும் அழைத்துக்கொண்டு போனோம். மகன் கெட்டவரல்ல. காபி வாங்கிவரச் சொல்லி, நாற்காலி போட்டு, எங்கள்முன் தலைகுனிந்து நின்றார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. பொண்ணு வாழ்க்கைங்க" என்றார். அதற்குமேல் அவரைக் குற்றப்படுத்த எங்களுக்கு நா எழவில்லை. கடைசியாகப் பாத்திரத்தை நீட்டியவர்கள் நாங்கள் அல்லவா?

நாங்கள் கேட்டது ஒன்றுதான். உணர்ச்சியில்லாத பாதத்தை நாள்தோறும் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, எண்ணெய் தடவ வேண்டும். அதை அவரே செய்துகொள்வார். ஆனால் உள்ளங்காலில் முள்ளோ, கொப்புளமோ, சிவப்போ இருக்கிறதா என்று மாலைதோறும் பார்க்க வேண்டும். வயதானவருக்குக் குனிந்து பார்ப்பதும் கடினம், கண்ணும் மங்கல். அந்தப் பாதத்துக்காகப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். யார் பார்ப்பீர்கள்?

மகன் பேசவில்லை. மருமகள் உள்ளே போய்விட்டார். திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இளைய பேரன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், "நான் பாக்கறேன்" என்றான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பேத்தியின் திருமணத்துக்கு அவர் போகவில்லை. அன்று எங்கள் வார்டில்தான் இருந்தார். சாயங்காலம் மகன் கல்யாணச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் புண் ஆறிற்று. வீட்டுக்குப் போனார். இன்றும் அவருக்குத் தட்டு தனியாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலையில் பேரன் கைவிளக்கை எடுத்துவந்து, தாத்தாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்க்கிறான். சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது பாதத்தில் ஒரு கீறலும் இல்லை. கொடுத்த செருப்பு மட்டும் நன்றாய்த் தேய்ந்திருந்தது. அவர் கொல்லைக்கு வேலைக்குப் போகிறார் என்பதற்கு அதுவே சாட்சி. புதுச் செருப்பு கொடுத்து அனுப்பினோம்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று இப்போது அறிவீர்கள். மாத்திரையை அரசாங்கம் தருகிறது. உள்ளே மென்மையான ரப்பரும் அடியில் முள் ஏறாத கடினமான ரப்பரும் வைத்துத் தைக்கும் எம்.சி.ஆர். செருப்புக்கும், மாவுக்கட்டுக்கும், வாரக்கணக்கில் படுக்கும் படுக்கைக்கும், கூலியை விட்டு வருகிறவரின் பேருந்துக் கட்டணத்துக்கும் உங்கள் பிடியரிசி உதவுகிறது. செருப்பு தேயும், மறுபடியும் வேண்டும். வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஆகையால் தொடர்ந்து தாங்குங்கள் என்று வேண்டுகிறோம்.

ஆனால் பணத்தோடு எங்களை அனுப்பிவிடாதீர்கள். இன்னும் ஒன்று கேட்கிறோம். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். ஆராதனைக்குத் தாமதமாய் வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுகிறவர். அசனத்தில் இலைக்கு உட்காராமல் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போகிறவர். அவரை யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். யாரும் சொல்லுமுன் அவராகவே ஒதுங்கியிருப்பார். அடுத்த முறை அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சபை கிறிஸ்துவின் சரீரம் என்று விசுவாசிக்கிறோம். ஓர் உறுப்பு புண்பட்டிருக்க, மற்ற உறுப்புகளுக்கு அது தெரியவில்லை என்றால், உணர்ச்சி இழந்தது யார்? இந்தக் கேள்வியை முதலில் எங்களிடம் கேட்டுக்கொண்டு, பிறகு உங்களிடம் விட்டுச்செல்கிறோம்.

எங்கள் நோயாளிகளுக்காகவும், அவர்கள் வீட்டாருக்காகவும், மாலைதோறும் கைவிளக்குப் பிடிக்கிற அந்தச் சிறுவனுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டு அரிசிப் பானையையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.